பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகள் ஓடியாட: வீட்டில் செய்யக்கூடியவை

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை ஓரிடத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தால், "எவ்வளவு சாது, தொந்தரவே கிடையாது" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் மெச்சுவார்கள். அந்தப் பாராட்டில் மகிழாதீர்கள். தூரத்தில் போகும் பூனை, அண்ணன் கையிலிருக்கும் பந்து, வாசலில் வந்து நிற்கும் அப்பாவின் வண்டி என்று கண்ணில் படுவதெல்லாம் மற்றக் குழந்தைகளை எழுப்பி ஓடவைக்கின்றன. இவை கண்ணில் படாத பிள்ளைக்கு எழுந்து போக ஒரு காரணம் வேண்டும். போகும் வழியில் இடித்துக்கொள்ள மாட்டோம் என்ற நிச்சயம் வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் நம்மையும் சேர்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை வேண்டும். சோம்பல் என்று நாம் எண்ணுவது பெரும்பாலும் இவற்றில் ஏதோ ஒன்று இல்லாத குறைதான்.

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வழிகாட்டியது. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கும் அதே அளவைத்தான் சொல்கிறது. அதற்கு வீட்டிலிருந்தே செய்யக்கூடியவை இவை.

1. முதல் வேலை கண் மருத்துவரைப் பார்ப்பது. "டாக்டர், இவன் விளையாடலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் "பார்த்து விளையாடச் சொல்லுங்க" என்றுதான் பதில் வரும். "எதையெல்லாம் செய்யக் கூடாது?" என்று கேளுங்கள். விழித்திரை விலகும் அபாயம் உள்ள பிள்ளைக்குத் தலையில் அடிபடும் ஆட்டங்களும் உயரத்திலிருந்து குதிப்பதும் ஆகாது. கடுமையான கிட்டப்பார்வையும், குறைமாதத்தில் பிறந்ததால் வந்த விழித்திரைக் கோளாறும் இந்த வகையில் சேரும். கண் நீர் அழுத்த நோய் இருந்தால் தலைகீழாக நிற்கும் ஆசனங்கள் வேண்டாம். சிரசாசனம் செய்பவர்களைச் சென்னையில் கண் மருத்துவர்கள் சோதித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த நிலையில் கண்ணின் அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காக உயர்ந்தது தெரிந்தது. வேண்டாதவற்றை மருத்துவர் ஒரு தாளில் எழுதித் தரட்டும். அந்தத் தாளில் இல்லாத ஆட்டங்கள் எல்லாம் உங்கள் பிள்ளைக்கு உரியவை. பள்ளி விளையாட்டு ஆசிரியருக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.

2. கைக்குழந்தையாக இருக்கும்போதே தொடங்குங்கள். பிறவியிலேயே பார்வையற்ற குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்த அமெரிக்க ஆய்வாளர் செல்மா ஃப்ரைபர்க், சத்தத்தை மட்டும் கேட்டு அதை நோக்கிக் கை நீட்டும் பழக்கம் முதல் வயதின் கடைசி மாதங்களில்தான் வருகிறது என்றும், அது வந்த பிறகே தவழ்தல் தொடங்குகிறது என்றும் கண்டார். அவருடைய நூல் 1977-இல் வந்தது. உங்கள் குழந்தை தாமதமாகத் தவழ்ந்தால் கலங்க வேண்டாம். ஆனால் கை கட்டிக்கொண்டு காத்திருக்கவும் வேண்டாம். குப்புறப் போட்டால் அழும் குழந்தையை உங்கள் மார்பின் மேலே குப்புறப் படுக்கவைத்துப் பேசுங்கள், பாடுங்கள். குரல் வரும் பக்கம் தலை தூக்கும். கிலுகிலுப்பையை முதலில் அதன் கையில் தொடவைத்து, பிறகு ஒரு சாண் தள்ளி ஆட்டுங்கள். கையில் தொட்டறியாத பொருளின் சத்தம் குழந்தைக்கு வெறும் சத்தம்தான். தொட்ட பிறகுதான் அதைத் தேடிப் போகத் தோன்றும்.

3. நாற்காலி, ஸ்டூல், தண்ணீர்க் குடம் எல்லாவற்றுக்கும் ஓர் இடம் வையுங்கள். இடம் மாற்றினால் பிள்ளையிடம் சொல்லி, புது இடத்துக்குக் கூட்டிப்போய்த் தொட்டுக் காட்டுங்கள். கதவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முழுக்கச் சாத்தியிருக்க வேண்டும். பாதி திறந்த கதவில் ஒருமுறை நெற்றி இடித்தால் ஒரு வாரத்துக்கு வேகமாக நடக்கவே மாட்டார்கள்.

4. "நீ உட்காரு கண்ணா, நான் எடுத்துத் தர்றேன்." அன்பாகச் சொல்லும் இந்த ஒரு வாக்கியம் நாள் முழுக்க எத்தனை அசைவுகளைத் தடுத்துவிடுகிறது என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். தண்ணீர், செருப்பு, துண்டு என்று எல்லாம் உட்கார்ந்த இடத்துக்கே வந்துவிடுகின்றன. இதற்கெல்லாம் பிள்ளையே எழுந்து போகட்டும். சின்னக் குடத்தில் தண்ணீர் கொண்டுவருவது, மாடிக் கொடியிலிருந்து துணி எடுத்துவருவது, சப்பாத்தி மாவு பிசைவது, வாசல் பெருக்குவது எல்லாமே தோளுக்கும் இடுப்புக்கும் காலுக்கும் நல்ல வேலை. வேலை முடிய நேரம் ஆகும். தண்ணீர் கொஞ்சம் சிந்தும். பொறுத்துக்கொள்ளுங்கள். பாட்டி, தாத்தாவிடமும் இதைப் பேசி வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் அவர்களைச் சம்மதிக்கவைப்பதுதான் கடினம்.

5. "அங்கே போ", "இப்படிச் செய்" என்ற பேச்சால் பயனில்லை. "உன் வலது பக்கம் நாலு எட்டு வை", "கையைக் காது உயரத்துக்குத் தூக்கு", "முழங்காலை இடுப்பு வரை கொண்டு வா" என்று சொல்லுங்கள். வலம், இடம் எப்போதும் பிள்ளையின் வலம், இடமாக இருக்கட்டும். எதிரே நிற்கும் உங்களுடையதாக இருக்கக் கூடாது.

6. வாயால் சொல்லிப் புரியாததைத் தொட்டு அறியட்டும். கயிறு தாண்டுவது எப்படி என்று தெரியாவிட்டால், நீங்கள் மெதுவாகக் குதிக்கும்போது பிள்ளையின் கைகள் உங்கள் முழங்காலிலும் தோளிலும் இருக்கட்டும். பந்து எறியும்போது உங்கள் கையின் மேல் அவர்கள் கை இருக்கட்டும். பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து நாமே ஆட்டுவதைவிட இது நல்லது, ஏனென்றால் எப்போது வேண்டுமானாலும் அவர்கள் கையை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளையைத் தொடுவதற்கு முன் "உன் தோளைத் தொடுறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். எதிர்பாராத தொடுகை உடம்பை விறைக்கவைக்கும். கை கால் மடங்கும் பொம்மை ஒன்று வாங்கி வைத்தால் ஆசனங்களையும் உடற்பயிற்சி நிலைகளையும் அதில் மடக்கிக் காட்டலாம்.

7. ஓடுவதற்கு ஒரு கயிறு போதும். பார்வையற்ற பிள்ளைகளில் பலர் தம் முழு வேகத்தில் ஒருமுறைகூட ஓடியதே இல்லை. யாராவது கையைப் பிடித்துக்கொண்டு பாதி வேகத்தில் கூட வருவார்கள், அவ்வளவுதான். இரண்டு தென்னை மரங்களுக்கோ மொட்டை மாடிக் கம்பங்களுக்கோ இடையில் நைலான் கயிற்றைப் பிள்ளையின் இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டுங்கள். கட்டுவதற்கு முன் அதில் ஒரு பழைய உலோக வளையலையோ பிளாஸ்டிக் குழாயின் சிறு துண்டையோ கோத்துவிடுங்கள். வளையலைப் பிடித்துக்கொண்டு ஓடினால் கயிறு கையை அறுக்காது, வழியும் தப்பாது. இரு முனைகளுக்கும் நாலு எட்டு முன்பாகக் கயிற்றில் துணியால் பெரிய முடிச்சு போடுங்கள். வளையல் அங்கே முட்டி நின்றால் பிள்ளையும் நிற்க வேண்டும் என்பது விதி. மொட்டை மாடியாக இருந்தால் உயரமான கைப்பிடிச் சுவர் கட்டாயம். பெரியவர் ஒருவர் உடன் இருப்பதும் கட்டாயம். முதல் நாள் நடக்கட்டும், வேறெதுவும் வேண்டாம். தானாக வேகம் பிடிக்கும் நாள் வரும். அன்று பிள்ளை சிரிக்கும் சிரிப்பைக் கேட்டால், இதை ஏன் முன்பே கட்டவில்லை என்று தோன்றும்.

கயிறு கட்ட இடமில்லாத வீட்டில் ஒரு முழம் துணிக்கயிறு போதும். ஒரு முனையைப் பிள்ளையும் மறுமுனையை அக்காவோ மாமாவோ பிடித்துக்கொண்டு அருகருகே ஓடலாம். பாராலிம்பிக் ஓட்டங்களிலும் முழுப் பார்வையற்ற வீரர்கள் துணை ஓட்டக்காரருடன் இப்படித்தான் ஓடுகிறார்கள். இழுத்துக்கொண்டு முன்னே ஓடக் கூடாது என்பது துணை ஓடுபவருக்கான விதி. வேகம் பிள்ளையுடையது.

8. பந்துக்குக் குரல் கொடுங்கள். மணி வைத்த பந்து கடையில் கிடைக்காவிட்டால், சாதாரண ரப்பர் பந்தை மொறமொறக்கும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுகக் கட்டுங்கள். உருளும் வழியெல்லாம் சரசரக்கும். பலூனுக்குள் நாலைந்து உளுந்து போட்டு ஊதினால் மெதுவாக மிதந்து வரும், சத்தமும் வரும். சின்னக் குழந்தைக்குப் பிடிக்கவும் தட்டவும் நேரம் கிடைக்கும். பலூன் வெடித்தால் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள். பழைய பந்தைக் கீறி இரண்டு சலங்கை மணிகளை உள்ளே போட்டு ஒட்டுவதும் நடக்கும்.

இதை வைத்து வீட்டுக் கூடத்தில் கோல்பால் ஆடலாம். இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களின் மறுவாழ்வுக்காக 1946-இல் ஆஸ்திரியாவின் ஹான்ஸ் லோரன்சனும் ஜெர்மனியின் செப் ரைண்டலும் உருவாக்கிய ஆட்டம் இது. 1976-இல் டொரண்டோவில் பாராலிம்பிக் பதக்க ஆட்டமானது. ஓர் அணிக்கு மூன்று பேர். 1.25 கிலோ எடையுள்ள மணிப் பந்தை எதிரணியின் கோலை நோக்கித் தரையில் உருட்ட, அவர்கள் படுத்து உடம்பால் தடுப்பார்கள். எல்லாருமே கண்ணை முழுக்க மூடிக்கொள்ள வேண்டும் என்பது இதன் அழகு. வீட்டில் அப்பா, அண்ணன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே ஆடலாம். சில நிமிடங்களிலேயே யார் கெட்டிக்காரர் என்பது தெரிந்துவிடும். பார்வையற்ற பிள்ளை தன் வீட்டாரை நியாயமாக வெல்லும் ஆட்டம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கோல்பால் ஆடுகளத்தின் கோடுகளுக்கு அடியில் மெல்லிய கயிறு வைத்து மேலே டேப் ஒட்டியிருப்பார்கள். கால் தொட்டே எல்லை தெரியும். உங்கள் வீட்டுத் தரையிலும் சணல் கயிற்றை வைத்து இப்படியே ஒட்டலாம்.

9. தெரு விளையாட்டுகளைச் சின்ன மாற்றத்தோடு ஆடலாம். கபடியில் பாடி வருகிறவரின் குரல் எங்கே இருக்கிறார் என்று சொல்லிவிடுகிறது. பிடிக்கும் பக்கத்தார் ஒருவர் கையை ஒருவர் கோத்து நிற்கிறார்கள். பார்வையற்ற பிள்ளை கோர்வையின் நடுவில் நிற்கட்டும். கண்ணாமூச்சியில் ஒளிபவர்கள் கொலுசோ சாவிக்கொத்தோ வைத்துக்கொள்ளட்டும். பாண்டிக் கட்டங்களைச் சாக்பீசுக்குப் பதில் டேப்பின் அடியில் சணல் வைத்து ஒட்டினால் நொண்டும் காலுக்குக் கோடு தெரியும். கும்மிக்கும் கோலாட்டத்துக்கும் மாற்றமே வேண்டாம். தாளம் காதிலும் வட்டம் கையிலும் இருக்கிறது. முதலில் பாட்டை மெதுவாக எடுத்து, அடவு பிடிபட்ட பிறகு வேகம் கூட்டுங்கள். கயிறு இழுத்தலும் அப்படியே ஆடலாம்.

10. ஸ்கிப்பிங் வராத பிள்ளைக்குக் கயிற்றை நடுவில் வெட்டிக் கொடுங்கள். இரண்டு கையிலும் பாதிப் பாதி கயிறு. கால் சிக்காது, சுற்றுவதும் குதிப்பதும் சேர்ந்து வரப் பழகும். பழகிய பிறகு முழுக் கயிற்றில் பெரிய பிளாஸ்டிக் மணிகளைக் கோத்துக் கொடுத்தால், தரையில் அது 'டக்' என்று விழும் ஓசையே குதிக்கும் நேரத்தைச் சொல்லும். நிற்கும் இடத்தில் ஒரு தேங்காய் நார் மிதியடி போடுங்கள். குதித்துக் குதித்து நகர்ந்து சுவர்ப் பக்கம் போகாமல் அது காக்கும்.

11. விளையாடும்போது கூப்பிடுவது ஒரே ஆளாக இருக்க வேண்டும். நாலு பேர் நாலு பக்கமிருந்து "இங்க வா, இங்க வா" என்றால் பிள்ளை நடுவில் உறைந்து நின்றுவிடும். அந்த ஒரு குரல் தெளிவாகக் கேட்க, டிவியையும் அணையுங்கள்.

12. எதை ஆடுவது என்று பிள்ளையே சொல்லட்டும். "வா, எக்சர்சைஸ் பண்ணு" என்று அழைத்தால் யாருக்கும் வர மனமிருக்காது. "கயிற்றில் ஓடலாமா, பந்து உருட்டலாமா?" என்று இரண்டை முன்வைத்துக் கேளுங்கள். எந்த நேரம், யாரோடு, எந்தப் பாட்டோடு என்பதையும் அவர்களிடமே விடுங்கள். மனிதனை உள்ளிருந்து இயக்குபவை தானே தேர்ந்தெடுப்பது, தன்னால் முடிகிறது என்று உணர்வது, பிறரோடு இணைந்திருப்பது என்ற மூன்றும்தான் என்று எட்வர்டு டெசி, ரிச்சர்டு ரயன் என்ற உளவியலாளர்கள் விளக்கினார்கள். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளையின் நாளில் முதலாவதுதான் மிகவும் குறைவு. எழுவது முதல் உறங்குவது வரை யாரோ ஒருவர் கைப்பிடித்து அழைத்துப் போகிறார்கள். விளையாட்டிலாவது முடிவு அவர்களுடையதாக இருக்கட்டும். "இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லும் உரிமையும் அதில் அடக்கம்.

13. முன்னேற்றம் கைக்குத் தெரிய வேண்டும். மற்றப் பிள்ளைகள் தாண்டிய கோட்டைத் திரும்பிப் பார்க்கிறார்கள். உங்கள் பிள்ளை நீளம் தாண்டியதும் அந்த அளவுக்கு ஒரு நாடாவை வெட்டி, ஆணியில் தொங்கவிடுங்கள். அடுத்த மாதத்து நாடாவைப் பக்கத்தில் தொங்கவிட்டால் எவ்வளவு கூடியிருக்கிறது என்று விரலால் அளந்து பார்க்கலாம். கயிற்றில் ஒரு சுற்று ஓடி முடித்ததும் தகர டப்பாவில் ஒரு புளியங்கொட்டை போடட்டும். மாலையில் டப்பாவைக் குலுக்கிப் பார்ப்பதில் ஒரு பெருமை இருக்கிறது. பாராட்டும்போது வெறுமனே "சூப்பர்" என்காதீர்கள். "இன்னைக்கு நேராவே ஓடினே, கயித்துப் பக்கம் சாயவே இல்ல" என்று என்ன நடந்தது என்பதைச் சொல்லுங்கள். உங்கள் முகத்தின் மலர்ச்சி அவர்களுக்குத் தெரியாது. உங்கள் சொல்லில்தான் அது இருக்க வேண்டும்.

14. விழட்டும். முழங்கால் சிராய்க்காமல் எந்தக் குழந்தையும் ஓடக் கற்றதில்லை. ஆனால் விழவும் கற்றுக்கொடுக்க வேண்டும். தரையில் மெத்தையைப் போட்டு, மண்டியிட்ட நிலையிலிருந்து முன்பக்கம் கை ஊன்றி விழுவது, பக்கவாட்டில் உருண்டு விழுவது என்று விளையாட்டாகப் பழக்குங்கள். கை ஊன்றத் தெரிந்த பிள்ளைக்கு முகத்தில் அடிபடுவது குறையும், பயமும் குறையும். விழுந்த கணத்தில் "ஐயோ!" என்று அலறுவதை அடக்கிக்கொள்ளுங்கள். விழுந்த வலியைவிட அந்த அலறல்தான் அதிக நாள் நினைவில் இருக்கும். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் வெண்கலம் வென்று, ஜூடோவில் இந்தியாவுக்கு முதல் பாராலிம்பிக் பதக்கம் கொண்டுவந்தவர் பார்வைக் குறைபாடுள்ள கபில் பர்மார். ஜூடோவில் முதல் பாடமே விழுவதுதான்.

15. ஓரளவு பார்வை இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பார்வை பயன்படும்படி செய்யுங்கள். சிமெண்டுத் தரையில் சாம்பல் நிறப் பந்து தெரியாது. பளிச்சென்ற மஞ்சள் பந்து தெரியும். படிகளின் விளிம்பில் மஞ்சள் டேப் ஒட்டுங்கள். தோலும் முடியும் வெளுத்திருக்கும் அல்பினிசம் உள்ள பிள்ளைக்கு வெயில் கண்ணைக் கூசச் செய்யும்; விளிம்பு வைத்த தொப்பி, நிறக் கண்ணாடி, காலை மாலை நேரங்கள் நல்லது. மாலைக்கண்ணோடு பக்கப் பார்வையும் சுருங்கிவரும் பிள்ளைக்கு நேர்மாறாக, இருட்டுவதற்குள் விளையாட்டு முடிந்துவிட வேண்டும். பக்கத்திலிருந்து பந்து வந்தால் தெரியாது. நேராக நின்று பேர் சொல்லி எறியுங்கள்.

16. வெண்கோலை ஒளித்து வைக்காதீர்கள். "நாலு பேர் பார்ப்பாங்க" என்று தயங்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. கோல் பிடித்து நடக்கத் தெரிந்த பிள்ளை கடைக்குத் தானே போகும், நண்பன் வீட்டுக்குத் தானே போகும். அந்த நடைதான் அன்றாடம் தவறாமல் கிடைக்கும் பயிற்சி. வட்டார வள மையத்திலுள்ள சிறப்புப் பயிற்றுநரிடம் நடமாட்டப் பயிற்சி பற்றிக் கேளுங்கள். பூந்தமல்லியில் தேசியப் பார்வைக் குறைபாடுடையோர் நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது, அங்கும் விசாரிக்கலாம்.

17. பள்ளியில் விளையாட்டு வகுப்பின்போது உங்கள் பிள்ளை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். மற்றவர்களின் பைகளுக்குக் காவலாக மரத்தடியிலா? அப்படியானால் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். கல்வியோடு விளையாட்டு வாய்ப்பையும் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 16-ஆம் பிரிவு சொல்கிறது. சண்டை போடத் தேவையில்லை. பெரும்பாலான ஆசிரியர்களுக்கு மனமில்லாமல் இல்லை. எப்படி ஆடவைப்பது என்று தெரியவில்லை. கயிறு, மணிப்பந்து, மருத்துவரின் தாள் மூன்றையும் கையோடு கொண்டுபோய் ஒருமுறை செய்து காட்டுங்கள். மைதானத்தின் எல்லையைப் பிள்ளை ஒருமுறை சுற்றி நடந்து, எங்கே வேலி, எங்கே குழாய் என்று அறிந்த பிறகு ஆட்டம் தொடங்கட்டும்.

18. கிரிக்கெட் பிடித்த பிள்ளைக்குப் பார்வையற்றோர் கிரிக்கெட்டைப் பற்றிச் சொல்லுங்கள். உள்ளே சிறு குண்டுகள் உள்ள கெட்டிப் பிளாஸ்டிக் பந்து கலகலத்துக்கொண்டு வரும். கையைக் கீழாக வீசித் தரையோடு போடுவார்கள். பந்து வீசுபவர் "ரெடி?" என்று கேட்டு, மட்டையாளர் "யெஸ்" என்று சொன்ன பிறகுதான் "பிளே" என்று குரல் கொடுத்து வீச வேண்டும். முழுப் பார்வையற்ற வீரர் எடுக்கும் ஓட்டங்கள் இரட்டிப்பாகக் கணக்கில் சேரும். 2012-இல் பெங்களூருவில் நடந்த முதல் டி20 உலகக் கோப்பையை வென்றது இந்திய அணி. தெருவில் இந்த விதிகளோடு ஆடிப் பாருங்கள். பெருக்கல் வாய்ப்பாடும் கூடவே வந்துவிடும்.

19. இரவில் தூக்கம் பிடிக்காத பிள்ளைக்குக் காலை நேர ஓட்டம் உதவும். வெளிச்சமே தெரியாத கண்ணுள்ளவர்களுக்கு உடம்பின் பகல் இரவுக் கணக்கு தப்பிப்போவதுண்டு. தினமும் அதே நேரத்தில் எழுந்து உடம்பை அசைப்பது அந்தக் கணக்கை ஓரளவு பிடித்து வைக்கும். உட்கார்ந்தபடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும் பழக்கமுள்ள பிள்ளையை அதட்டாதீர்கள். ஊஞ்சலில் உட்காரவையுங்கள், கயிற்றில் ஓடவிடுங்கள். உடம்பு கேட்கும் அசைவு வேறு வழியில் கிடைக்கும்.

20. பெண் பிள்ளை பெரியவளானதும் கயிறும் பந்தும் பரணுக்குப் போய்விடுவதைப் பல வீடுகளில் காணலாம். பார்வையுள்ள பெண்களுக்கே அப்படி. பார்வையற்ற பெண் என்றால் இரட்டைப் பயம். பாதுகாப்பு பற்றிய கவலை நியாயமானதுதான். அதற்காக ஆட்டத்தை நிறுத்துவதைவிட ஆட்டத்துக்குத் துணை தேடுவதே சரி. பார்வையற்ற பெண்களுக்கான முதல் டி20 உலகக் கோப்பையில், 2025 நவம்பரில் கொழும்பில் நடந்த இறுதி ஆட்டத்தில் நேபாளத்தை வென்று கோப்பையை வாங்கிவந்தது இந்தியப் பெண்கள் அணி. அந்தச் செய்தியை மகளுக்குப் படித்துக் காட்டுங்கள். பக்கத்தில் இதேபோன்ற பிள்ளைகள் யார் இருக்கிறார்கள் என்று சிறப்புப் பயிற்றுநரிடம் கேளுங்கள். இரண்டு மூன்று தாய்மார்கள் சேர்ந்து ஞாயிறு காலையில் பள்ளி மைதானத்தைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். போகும்போது கயிறு, வளையல், மணிப்பந்து, தண்ணீர் பாட்டில், சிராய்ப்புக்கு மருந்து, மற்ற அம்மாக்களுக்கும் கண்ணைக் கட்டிக்கொள்ள நாலு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.